நாள் ஒத்திவைப்பும் ஒரு தண்டனையே!

பேட்டையிலிருந்து பாளையங்கோட்டை அறமன்றத்திற்குச் செல்லும் கூலித் தமிழன், அன்றைய கூலியை இழந்தே அதன் படியேறுகின்றான். மாலையில் அவன் கொண்டு திரும்புவது ‘வாய்தா’ என்னும் ஒற்றைச் சொல். சொல்லும் நம்முடையதன்று, துன்பம் மட்டுமே நம்முடையது!

இதே நெல்லையில், 1908 மார்ச்சு 12-இல் தளையிடப்பெற்ற வ.உ.சி.க்கு அவ்வாண்டு சூலை 7-ஆம் நாளே தீர்ப்பு வந்தது. நான்கு திங்கள்கூட நிரம்பவில்லை. சிறையிலிடும் வேட்கை மிகுந்தபோது வெள்ளையன் மன்றுக்கு நாள் இல்லாமற் போகவில்லை. (விரைவு மட்டுமே நயன்மை ஆகாது என்பதற்கும் அந்நாற்பதாண்டுத் தண்டனையே சான்று.)

விரைந்த உசாவல், அரசியற் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையென உச்ச அறமன்றம் 1979-இல் கூறிற்று. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தாலும் அடைந்திருக்கக்கூடிய தண்டனைக் காலத்தினும் மிகுதியாக, உசாவலின்றியே பலர் பீகார்ச் சிறைகளிற் கிடந்தமை அவ்வழக்கில் வெளிப்பட்டது. ஆயினும் ‘இத்தனை ஆண்டுக்குள்’ என்று வரையறுக்க 1991-இல் அம்மன்றமே மறுத்துவிட்டது.

2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த, தமிழர் நாவில் ஏறாப் பெயர்கொண்ட குற்ற நடைமுறைச் சட்டமோ, தவிர்க்கவியலா நிலையிலும் இருமுறைக்குமேல் ஒத்திவைப்புத் தரலாகாது என்கின்றது. அதற்கும் கரணியத்தை எழுத்திற் பதியச் சொல்கின்றது.

அக்கரணியம் தமிழில் எழுதப்பெற்று, கூண்டில் நிற்பவன் செவிகேட்கப் படிக்கப்பெறல் வேண்டும். நாள் கேட்டவர் அரசு வழக்குரைஞரா, வாராத காவலரா என்பதை அவன் அறியட்டும். தன் வழக்குரைஞரே கேட்டிருப்பின், அதையும் அறியட்டும்.