கடல் கடந்து வரும் மேல்வாரம்

நிலத்தின் விளைச்சலை நம் முன்னோர் இரண்டாகப் பகுத்துப் பெயரிட்டனர். உழுதவன் எடுத்துக்கொள்வது குடிவாரம். நிலத்தின்மேல் உரிமை உடையவன் பெறுவது மேல்வாரம். தஞ்சைப் பகுதியில் மேல்வாரம் பெற்ற மிராசுதார்கள் பலர் அந்த ஊரில் வாழ்ந்தவர்கள் அல்லர். கும்பகோணத்திலோ மயிலாப்பூரிலோ குடியிருந்துகொண்டு, அறுவடை முடிந்ததும் காரியஸ்தர் கொண்டுவந்து கொடுப்பதைப் பெற்றுக்கொள்வர். தம் வயலின் வரப்பு எது என்று அறியாதவர்களும் அவர்களுள் உண்டு. வெளிநாட்டு ‘ரீட்’ யூனிட்டுகளை ஈவுத்தொகைக்காக வாங்கத் துடிக்கும் இன்றைய மாதச் சம்பளக்காரரை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்த மிராசுதாரே நினைவுக்கு வருகிறார்.

இத்தகைய ஆசை வீண் ஆசை என்று நான் சொல்லமாட்டேன். சுயநிதிக் கல்லூரிகளில் பணியாற்றுவோருக்கு அரசு ஊழியருக்குரியது போன்ற ஓய்வூதியம் இல்லை. வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்திருக்கும் சிறு தொகைதான் மூலதனம். நாற்பதைக் கடந்தவர்கள், ஓய்வுக்குப் பின் மாதந்தோறும் ஏதேனும் கைக்கு வரவேண்டும் என்று தேடுவதில் வியப்பென்ன? வீடு வாங்கி வாடகைக்கு விட வேண்டுமானால் பல இலட்சங்கள் தேவை. ரீட் எனில் சில ஆயிரம் ரூபாயில் நியூயார்க்கின் அலுவலகக் கட்டடத்திலோ சிங்கப்பூரின் கடைவளாகத்திலோ ஒரு துளிப் பங்கு கிடைத்துவிடுகிறது. குடியிருப்பவரிடம் வாடகை கேட்டுப் போய் நிற்க வேண்டியதில்லை. குழாய் உடைந்தால் ஆள் தேட வேண்டியதில்லை. கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது.

ரீட் என்பது பலருடைய பணத்தைத் திரட்டி, வாடகை தரும் கட்டடங்களை வாங்கி, வரும் வருவாயைப் பகிர்ந்தளிக்கும் அமைப்பு. அமெரிக்காவில் 1960-ஆம் ஆண்டு, ஐசனோவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது இதற்கான சட்டம் பிறந்தது. வரிக்குரிய வருமானத்தில் 90 விழுக்காட்டையேனும் பகிர்ந்தளிக்க வேண்டும். அப்படி அளித்துவிட்டால், அளித்த பகுதிக்கு நிறுவன நிலையில் வரி இல்லை. சிங்கப்பூரில் முதல் ரீட் 2002-இல் பட்டியலிடப்பட்டது. அங்கும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். மற்ற நிறுவனங்கள் இலாபத்தில் ஒரு பகுதியை மட்டும் தர, ரீட் கிட்டத்தட்ட முழுவதையும் தருவதன் காரணம் அதன் பெருந்தன்மை அன்று, வரிச்சட்டமே.

முழுவதையும் தந்துவிடுகிறவர் கையில் என்ன மிஞ்சும்? ஆண்டு வாடகை அனைத்தையும் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடும் ஒரு வீட்டுக்காரரை எண்ணிப் பாருங்கள். சுண்ணாம்பு அடிக்கவும் மாடி எழுப்பவும் அவர் ஒன்று கடன் வாங்க வேண்டும்; அல்லது பிள்ளைகளிடமே கைநீட்ட வேண்டும். ரீட்டும் இந்த இரண்டையும்தான் செய்கிறது. கடன் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் இது யாருக்கும் உறைப்பதில்லை. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சு வரை பூஜ்யத்தை ஒட்டி வைத்திருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் ஐந்தேகால் விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தியபோதுதான், இந்த அமைப்பில் எவ்வளவு கடன் உறைந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியவந்தது.

ஹாங்காங்கின் லிங்க் ரீட் ஆசியாவின் ஆகப் பெரிய ரீட். அதுவே 2023 பிப்ரவரியில் தன் யூனிட்தாரர்களிடம் உரிமைப் பங்கு வழியாக ஏறத்தாழ 1,880 கோடி ஹாங்காங் டாலர் கேட்டது. ஐந்து யூனிட் வைத்திருப்பவர் ஆறாவதை 44.20 டாலருக்கு வாங்கலாம். வாங்காதவருடைய பங்கு விகிதம் குறையும். ஈவுத்தொகை பெறக் காத்திருந்தவர் கையிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்க வேண்டிய நிலை. ஆண்டுகள் பல பெற்றதன் ஒரு பகுதியைத் திரும்பக் கொடுத்தோம் என்று அவர்களுள் சிலர் எண்ணியிருந்தால் அதில் பிழை காண்பதற்கில்லை.

விழுக்காட்டைப் பற்றிய மயக்கம் இதனினும் பெரிது. ஒரு ரீட் பத்து, பன்னிரண்டு விழுக்காடு தருகிறது என்று சொல்லக் கேட்டவுடன் நம்மவர்க்குக் கண் விரிகிறது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. சென்ற ஆண்டு தந்த ஈவை இன்றைய சந்தை விலையால் வகுத்தால் வருவது அது. விலை பாதியானால் விழுக்காடு இரட்டிப்பாகும். தரும் தொகையோ ஒரு காசும் கூடியிராது. சந்தை எதையோ அஞ்சி விலையை இறக்கியிருக்கிறது. அந்த அச்சத்தின் அளவையே நாம் வருமானம் என்று வாசிக்கிறோம்.

மனுலைஃப் யு.எஸ். ரீட்டின் கதை இதற்குத் தக்க சான்று. லாஸ் ஏஞ்சலிஸ், அட்லாண்டா, நியூ ஜெர்சி முதலிய இடங்களில் அலுவலகக் கட்டடங்களை வைத்திருந்த இந்த ரீட், 2016 மே மாதம் சிங்கப்பூர்ச் சந்தையில் 83 அமெரிக்க சென்ட்டுக்கு வெளியிடப்பட்டது. பெரிய காப்புறுதி நிறுவனத்தின் பெயர், அமெரிக்க டாலரில் வரவு. ஓய்வுபெற்றோர் பலர் விரும்பி வாங்கினர். பெருந்தொற்றுக்குப் பின் அமெரிக்க ஊழியர்கள் அலுவலகத்துக்குத் திரும்பவில்லை. குத்தகை முடிந்த நிறுவனங்கள் பரப்பைச் சுருக்கிக்கொண்டன. யூனிட் விலை சரிந்துகொண்டே வர, ஈவு விழுக்காடு இரட்டை இலக்கத்துக்கு ஏறிற்று. அப்போது மலிவென்று மேலும் வாங்கியவர்களும் உண்டு. 2023 ஜூலையில், கட்டடங்களின் மதிப்பு இறங்கியதால் கடன் ஒப்பந்த வரம்பு மீறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஈவு நின்றது. விலை பத்து சென்ட்டுக்கும் கீழே போயிற்று. அவ்வாண்டு டிசம்பரில், கட்டடங்களை விற்றுக் கடனை அடைப்பதற்கும் 2025 முடியும்வரை ஈவைப் பொதுவாக நிறுத்திவைப்பதற்கும் யூனிட்தாரர்களே வாக்களித்து இசைய வேண்டியதாயிற்று. வேறொரு வழி அவர்களுக்கு இருக்கவில்லை. அமெரிக்க அலுவலகங்களையே நம்பிய கெப்பல் பசிபிக் ஓக் ரீட்டும் 2024 பிப்ரவரியில் ஈவை நிறுத்தியது.

ஈகிள் ஹாஸ்பிடாலிட்டி டிரஸ்ட் இன்னும் விரைவு. அமெரிக்காவில் பதினெட்டு விடுதிகள். அவற்றுள் ஒன்று, லாங் பீச் துறையில் நிலையாக நிறுத்தப்பட்டு விடுதியாக்கப்பட்ட குயின் மேரி என்னும் பழைய பயணக் கப்பல். 2019 மே மாதம் சிங்கப்பூரில் பட்டியலேறியது. 2020 மார்ச்சில் வணிகம் நிறுத்தப்பட்டது. 2021 ஜனவரியில் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. 1936-இல் முதற்பயணம் போன கப்பலைப் பழுதுபார்ப்பதற்கு எவ்வளவு ஆகும் என்று சிங்கப்பூரில் அமர்ந்திருந்த முதலீட்டாளர் எங்ஙனம் கணித்திருக்க முடியும்? வரப்பு தெரியாத மிராசுதார் என்றேனே, அது இதைத்தான்.

காரியஸ்தரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் ரீட்டுகளைப் பெரும்பாலும் தனி மேலாண்மை நிறுவனம் ஒன்று நடத்துகிறது. பலவற்றில் அதன் அடிப்படைக் கட்டணம் மொத்தச் சொத்து மதிப்பில் ஒரு பங்கு. புதிதாக ஒரு கட்டடம் வாங்கினால் அதன் விலையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு தனியாக உண்டு. நம் பெயரில் வாங்கும் ஒவ்வொரு வயலுக்கும் காரியஸ்தருக்குத் தரகு. வயல் விளைந்தாலும் விளையாவிட்டாலும். போதாக்குறைக்கு, அந்த வயலை விற்பவர் பல நேரங்களில் காரியஸ்தரின் தாய் நிறுவனமாகவே இருப்பார். இதைத் தடுக்கும் விதிகள் உள்ளன. தற்சார்பான மதிப்பீடு, யூனிட்தாரர் வாக்கெடுப்பு எல்லாம் உண்டு. ஆயினும் ஈவு விழுக்காட்டை மட்டும் பார்க்கிறவர் ஆண்டறிக்கையின் அந்தப் பக்கங்களை ஒருபோதும் புரட்டுவதில்லை.

குடிவாரத்தின் பக்கம் நின்றும் சற்றுப் பார்க்க வேண்டும். லிங்க் ரீட்டின் தொடக்கச் சொத்துகள் எவை? ஹாங்காங் வீட்டுவசதி ஆணையம் எளியோருக்காகக் கட்டிய பொதுக் குடியிருப்புகளின் கடைவளாகங்களும் வாகன நிறுத்தங்களும். 2004 டிசம்பரில் நடக்கவிருந்த பங்கு வெளியீட்டை, பொதுக் குடியிருப்பில் வாழ்ந்த ஒரு முதிய பெண்மணி வழக்குத் தொடுத்து நிறுத்தினார். 2005 ஜூலையில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. நவம்பரில் வெளியீடு நடந்தது. பின்னர் வளாகங்கள் புதுக்கப்பட்டன, வாடகை ஏறிற்று, குடியிருப்புவாசிகள் நெடுங்காலம் நம்பியிருந்த சிறு கடைகள் பல வெளியேறின, தொடர்கடைகள் வந்தன. இதை எதிர்த்து மக்கள் தெருவில் நின்றதும் உண்டு. அதே ஆண்டுகளில் லிங்க்கின் ஈவு ஆண்டுக்காண்டு வளர்ந்தது. இரண்டும் வெவ்வேறு செய்திகள் அல்ல; ஒரே செய்தியின் இரு பத்திகள். இதனால் ரீட் வாங்குவது பாவம் என்று நான் கூறவில்லை. வீட்டு வாடகை வாங்குவதும் பாவமன்று. ஆனால் எதிரில் நிற்கும் குடித்தனக்காரரின் முகம் பார்த்து வாடகையை உயர்த்தாமல் விடுகிற வீட்டுக்காரர் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார். யூனிட் வைத்திருப்பவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

நாணயக் கணக்கு நம் பக்கம் சாய்வது என்பர். இதைச் சோதிக்கத் தரமணிக்கே போகலாம். அங்குள்ள ‘அசெண்டாஸ்’ தொழில்நுட்பப் பூங்கா, 2007 ஆகஸ்டில் சிங்கப்பூரில் பட்டியலேறிய அசெண்டாஸ் இந்தியா டிரஸ்டின் தொடக்கச் சொத்துகளில் ஒன்று. இன்று அதன் பெயர் கேப்பிடாலேண்ட் இந்தியா டிரஸ்ட். சட்டப்படி அது வணிக அறக்கட்டளை எனினும் ஒழுகுவது ரீட்டைப் போலவே. சென்னையில் வசூலாகும் வாடகை சிங்கப்பூரில் ஈவாகிறது. வெளியீட்டின்போது யூனிட் விலை 1.18 வெள்ளி, ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 27 ரூபாய். 2024 முடிவில் வெள்ளி 62 ரூபாயைத் தாண்டியிருந்தது. இடையில் கட்டடங்கள் பெருகின, ரூபாயில் வாடகை உயர்ந்தது. யூனிட் விலையோ பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும் தொடங்கிய இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. சிங்கப்பூர்க்காரருக்கு ஈவு மட்டும் கிடைத்தது; வளர்ச்சியை ரூபாய் தின்றுவிட்டது. நாம் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ வாங்கினால் இதே காற்று நமக்குப் பின்னிருந்து வீசும் என்பது உண்மை. ஆனால் அது நாணயத்தால் வரும் ஆதாயம். அதை ரீட்டின் திறமையாகக் கருதிக்கொள்வது பிழை. டாலரே போதும் என்பவருக்கு வேறு எளிய வழிகள் உள்ளன.

வரியை இறுதியில் நினைப்பதே நம் வழக்கம். இங்கே அது முதலில் நினைக்க வேண்டியது. அமெரிக்க ரீட் நூறு டாலர் ஈவு தந்தால், இந்தியாவில் வாழும் தனிநபருக்கு இருநாட்டு ஒப்பந்தப்படி 25 டாலர் அங்கேயே பிடிக்கப்படும். எஞ்சியது அன்றி, நூறு டாலரும் இங்கே வருமானமாகக் காட்டப்பட வேண்டும். அங்குக் கட்டியதை இங்குக் கழித்துக்கொள்ளலாம். இங்கே முப்பது விழுக்காட்டு வரி கட்டுகிறவருக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை. ஓய்வுபெற்று, இந்தியாவில் வரியே கட்ட வேண்டாத நிலையில் இருப்பவருக்கோ கழிப்பதற்கு ஏதுமில்லை; அந்த 25 டாலர் போனது போனதுதான். ஓய்வுக்கால வருமானத்துக்கென்று விற்கப்படும் பண்டம், ஓய்வுபெற்றவரையே மிகுதியாகத் தண்டிக்கிறது. சிங்கப்பூர் ரீட் தனிநபருக்குத் தரும் ஈவில் பெரும்பாலும் அங்கு வரிப் பிடித்தம் இல்லை. இவ்வகையில் அது மேல். ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தைத் தனியே அறிவிக்கும் கடமை இரண்டுக்கும் பொது.

அமெரிக்கச் சொத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அந்நாட்டுக் குடிமகனாகவோ அங்கு வாழ்பவராகவோ இல்லாத ஒருவர் இறக்கும்போது, அவருடைய அமெரிக்கச் சொத்து 60,000 டாலருக்கு மேற்பட்டால் மரணச் சொத்து வரி உண்டு. அது 40 விழுக்காடு வரை போகும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இவ்வரி குறித்து ஒப்பந்தம் இல்லை. அங்குப் பட்டியலிடப்பட்ட ரீட் யூனிட்டும் இக்கணக்கில் சேரும். மாதாமாதம் ஈவு தருவதற்கென்றே பெயர்பெற்ற ரியல்டி இன்கம் போன்ற நல்ல நிறுவனத்தை வாங்கியவருக்கும் இது பொருந்தும். தரகு நிறுவனங்களின் விளம்பரங்களில் மாத வரவைப் பற்றிப் பெரிய எழுத்தில் படித்திருக்கிறேன். இந்த 60,000 டாலரைப் பற்றி ஒரு வரியும் கண்டதில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் வாங்க விரும்பினால், தம் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், விழுக்காடு மிகுந்ததைத் தவிர்த்து, முதல் பத்து வாடகைதாரர் யார், அவர்கள் குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, கடன் எந்த ஆண்டு திரும்பச் செலுத்தப்பட வேண்டும் என்ற மூன்றையும் ஆண்டறிக்கையில் படித்தபின் வாங்கட்டும் என்பேன். மாத வரவுக்காக மட்டுமே என்றால் உள்நாட்டு ரீட்டுகள் இருக்கின்றன. 2019-இல் எம்பசி தொடங்கி மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு, நெக்சஸ் என்று சில இங்கும் பட்டியலேறியுள்ளன. கடனும் காரியஸ்தரும் இங்கும் உண்டு. அன்னிய வரிப் பிடித்தமும் மரணச் சொத்து வரியும் இல்லை. 2023-இல் பட்டியலேறிய நெக்சஸ் ரீட்டின் வளாகங்களுள் ஒன்று வடபழனியில் இருக்கிறது. சனிக்கிழமை மாலை பேருந்தில் போய் இறங்கினால், எத்தனை கடைகளில் கூட்டம், எத்தனை கடைகளில் கதவு இறங்கியிருக்கிறது என்று எண்ணிவிட்டு வரலாம்.