முகம் தெரியாதவருக்கு ஒரு மெயில்!



பள்ளிக்கூடத்தில் நாம் உருப்படியாக எழுதக் கற்றுக்கொண்ட ஒரே கடிதம் எது? சந்தேகமே வேண்டாம்... லீவு லெட்டர்! 'ஐயா, எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்' என்று ஆரம்பித்து, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று முடியுமே, அதேதான். கிரிக்கெட் மேட்சுக்காக ஒரே பாட்டியை நாலு தடவை சாகடித்து எழுதிய அந்த லெட்டரின் வாசனை, காலேஜ் முடித்தபிறகும் நம்மை விடுவதில்லை.

நம்ப முடியவில்லையா? ஃபைனல் இயர் மாணவர் ஒருவர், முன்பின் தெரியாத ஒரு மேனேஜருக்கு எழுதும் மெயிலைப் பாருங்கள். 'மதிப்பிற்குரிய ஐயா, நான் இந்த வருடம் பி.இ. முடிக்கிறேன். தங்கள் கம்பெனியில் ஒரு வேலை கொடுத்தால் வாழ்நாள் முழுக்க நன்றியோடு இருப்பேன். ரெஸ்யூம் இணைத்துள்ளேன்.' காய்ச்சல் இருந்த இடத்தில் வேலையில்லாத் திண்டாட்டம். மற்றபடி அதே லீவு லெட்டர்!

ஹெட்மாஸ்டருக்காவது உங்களைத் தெரியும். இந்த மேனேஜருக்கு உங்களைத் தெரியாதே! தெரியாத ஒருவரால் எப்படி வேலை கொடுக்க முடியும்? அதனால் டெலிட் பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார். அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை பாஸ்.

மாமா இல்லாதவர்களுக்கு...

'எதுக்கு இந்த மெயில் எல்லாம்? மார்க் இருந்தா வேலை தானா வரும்' என்கிறீர்களா? ஆசைதான்! ஆனால், உங்கள் க்ளாஸிலேயே கவனித்திருப்பீர்கள். சுமாராகப் படிக்கிற ஒருவனுக்கு நல்ல இடத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கும். கேட்டால், 'எங்க மாமா அங்க இருக்கார்டா' என்பான். அப்பா படித்தவர், சித்தப்பா பெங்களூரில், மாமா சென்னையில் என்று இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆபீஸ் உலகத்தின் வாசல் பிறக்கும்போதே பாதி திறந்திருக்கிறது. வீட்டிலேயே முதன்முதலாக டிகிரி வாங்கப் போகிற பெண்ணுக்கும் பையனுக்கும்? அந்த வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடச் சொல்ல ஆள் கிடையாது. மாமா இல்லாதவர்களுக்கு மெயில்தான் மாமா!

இது சும்மா பன்ச் டயலாக் இல்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள நியூட்டனில், அப்போதுதான் வேலை மாறியிருந்தவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார். தெரிந்தவர்கள் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், 'தகவல் சொன்ன அந்த நபரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?' என்று கேட்டார். அடிக்கடி பார்க்கிறவர் என்று சொன்னவர்கள் சுமார் 17 சதவிகிதம்தான். எப்போதாவது பார்க்கிறவர் என்றவர்கள் 56 சதவிகிதம். வருஷத்துக்கு ஒருமுறையோ அதைவிட அபூர்வமாகவோ பார்க்கிறவர் என்றவர்கள் 28 சதவிகிதம்! 1973-ல் இந்தக் கட்டுரை வெளிவந்தது.

காரணம் சிம்பிள். உங்களுக்குத் தெரிந்ததுதான் உங்கள் ரூம்மேட்டுக்கும் தெரியும். கொஞ்சம் தள்ளி நிற்கிறவர்தான் உங்களுக்குத் தெரியாத சேதியை வைத்திருப்பார். 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வும் இதைத்தான் சொன்னது. லிங்க்ட்இன் உபயோகிக்கிற 2 கோடிப் பேரை வைத்துப் பார்த்ததில், உயிர் நண்பர்களைவிட, ஓரளவு மட்டுமே தெரிந்தவர்களின் தொடர்புதான் புது வேலைக்கு அதிகம் உதவியிருந்தது.

சரி, அந்த 'ஓரளவு தெரிந்தவர்' ஒருவர்கூட இல்லையே? உருவாக்க வேண்டியதுதான்!

போர்ட் ட்ரஸ்ட் க்ளார்க் எழுதிய கடிதம்

இதில் நமக்கெல்லாம் சீனியர் ஒருவர் உண்டு. கும்பகோணத்தில் வளர்ந்து, காலேஜில் கணக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கோட்டை விட்டு, டிகிரி இல்லாமல் அலைந்த சீனிவாச ராமானுஜன்! 1910-ல் அவர் திருக்கோவிலூருக்குப் போய் வி.ராமசாமி ஐயரைப் பார்த்தார். அவர் டெபுடி கலெக்டர், இந்தியக் கணிதவியல் சங்கத்தை ஆரம்பித்தவர். ராமானுஜன் கையில் இருந்தது நோட்டுப் புத்தகம் மட்டும்தான். அதைப் பார்த்து அசந்துபோன ராமசாமி ஐயர், சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். ஒருவர் மாற்றி ஒருவராக, நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் வரைக்கும் சங்கிலி நீண்டது. 1912-ல் சென்னை துறைமுகத்தில் க்ளார்க் வேலையும் கிடைத்தது.

1913 ஜனவரி 16. அந்த க்ளார்க், கேம்பிரிட்ஜில் இருந்த கணித மேதை ஜி.ஹெச்.ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் என்ன செய்திருக்கிறார் என்று கவனியுங்கள்.

ஒன்று... தான் யார் என்பதை பில்டப் இல்லாமல் முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். துறைமுக அக்கவுன்ட்ஸ் பிரிவில் க்ளார்க், சம்பளம் வருஷத்துக்கு 20 பவுண்டு. அவ்வளவுதான்.

இரண்டு... 'ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்' என்பதைச் சொன்னார். ஹார்டி எழுதிய ஒரு சிறு நூலின் 36-வது பக்கத்தைக் குறிப்பிட்டு, பகா எண்களைப் பற்றி அங்கே 'இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை' என்று இருப்பதற்குத் தன்னிடம் ஒரு விடை இருக்கிறது என்றார். பக்க எண்ணோடு பேசுகிறவனை எந்த எழுத்தாளரால் ஒதுக்க முடியும்?

மூன்று... 'நான் திறமைசாலி' என்று வாயால் சொல்லவில்லை. சுமார் 120 தேற்றங்களைத் தூக்கி உள்ளே வைத்தார்!

நான்கு... வேலை கேட்கவில்லை. கப்பல் டிக்கெட் கேட்கவில்லை. 'இவற்றைப் படித்துப் பாருங்கள், மதிப்பு இருந்தால் பிரசுரிக்க ஆசை, எந்த ஆலோசனை சொன்னாலும் பெரிதாக மதிப்பேன்' என்றார்.

இதற்கு முன்னால் பேக்கர், ஹாப்சன் என்று இரண்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்களுக்கு எழுதி, பலன் கிடைக்கவில்லை. மூன்றாவது கதவுதான் ஹார்டி. பிப்ரவரி 8-ம் தேதியே பதில் எழுதிவிட்டார். அடுத்த வருஷம் ராமானுஜன் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொஸைட்டி உறுப்பினர். இன்னொரு சமாசாரம் தெரியுமா? பகா எண்கள் பற்றி அவர் சொன்ன அந்த விடை சரியில்லை என்பது பிற்பாடு தெரிந்தது! பரவாயில்லையே... அதற்குள் கதவு திறந்துவிட்டதே. 'எல்லாத்தையும் பர்ஃபெக்டா கத்துக்கிட்டு அப்புறம் எழுதலாம்' என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு இதைவிட என்ன ஆறுதல் வேண்டும்?

'நான் என்ன ராமானுஜனா' என்று பம்ம வேண்டாம். நீங்கள் எழுதப்போகிறவரும் ஹார்டி இல்லை. ஃபார்முலா மட்டும் அதே!

அஞ்சு பத்தியில் முடியணும்

நாகர்கோவிலில் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒரு மாணவி, மழைநீர் வடிகால் பற்றிக் கட்டுரை எழுதிய சென்னை இன்ஜினீயருக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலீஷில்தான் எழுதுவார், சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

சப்ஜெக்ட்: உங்கள் வடிகால் கட்டுரை பற்றி சிவில் மாணவியின் ஒரு கேள்வி

'வணக்கம் சார். நான் நாகர்கோவிலில் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன்.

வடிகாலின் ஆழத்தைவிடச் சரிவுதான் முக்கியம் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் தெருவில் 400 மீட்டர் நீளத்துக்கு நானே லெவல் எடுத்துப் பார்த்தேன்.

மூன்று இடங்களில் சரிவு எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஒரு பக்க வரைபடம் இணைத்திருக்கிறேன்.

இந்தத் துறையில் தொடர ஆசை. கடைசி வருஷத்துக்குள் நான் முதலில் கற்க வேண்டியது சர்வேயா, நீரோட்டக் கணக்குக்கான சாஃப்ட்வேரா?

இரண்டு வரி பதில் போதும். நன்றி சார்.'

அவ்வளவுதான்! யார், ஏன் உங்களுக்கு, நான் செய்தது, ஒரே ஒரு கேள்வி, நன்றி. செல்போனில் ஒரு ஸ்க்ரீனுக்குள் அடங்கிவிடும். மனிதர் பஸ்ஸில் போகும்போதே பதில் போட்டுவிடலாம். பெரிய உதவி கேட்டால் 'அப்புறம் பார்ப்போம்' என்று தள்ளிவைப்பார். சின்ன உதவி கேட்டால் உடனே செய்துவிடத் தோன்றும்.

இதெல்லாம் வேண்டாமே...

'க்யூட்ராஸ்கல்143' மாதிரியான ஐ.டி.யிலிருந்து அனுப்பாதீர்கள். சொந்தப் பெயர், இனிஷியல் போதும்.

ஒரே மெயிலை 60 பேருக்கு அனுப்பி, 60 முகவரியும் மேலே பல்லிளிக்கிற மாதிரி வைக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகையையே பேர் எழுதித்தான் கொடுப்போம், இல்லையா?

'டியர் சார் ஆர் மேடம்' வேண்டாம். யாருக்கு எழுதுகிறோம் என்பதே தெரியாதபோது, ஏன் எழுதுகிறோம்? பெயரை ஸ்பெல்லிங் சரிபார்த்து எழுதுங்கள்.

சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கி அப்படியே ஒட்டாதீர்கள். 'ஐ ஹோப் திஸ் இமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்' என்று ஆரம்பிக்கிற மெயில் அவருக்கு இன்றைக்கே நாலு வந்திருக்கும். இலக்கணம் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால், உங்கள் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்!

இங்கிலீஷ் சுமாரா? சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். தெரியாத பெரிய வார்த்தையைப் போடும்போதுதான் மானம் போகும்.

பதில் வரலைன்னா?

பெரும்பாலும் வராது. முன்னாடியே மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். ஒரு வாரம், பத்து நாள் விட்டு, அதே மெயிலின் கீழே இரண்டே வரியில் ஒரு நினைவூட்டல். அதற்கும் மௌனம் என்றால் விட்டுவிடுங்கள். மூன்றாவது தடவை போனால் அது கடன்காரன் கதவைத் தட்டுகிற கதையாகிவிடும். அவருக்கு என்ன வேலையோ, என்ன கவலையோ... உங்களை அவமானப்படுத்த வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து பதில் எழுதாமல் இருப்பதில்லை. அடுத்தவருக்கு எழுதுங்கள்.

பதில் வந்துவிட்டால்தான் முக்கியமான வேலையே இருக்கிறது! அன்றைக்கே நன்றி சொல்லுங்கள். அவர் சொன்னதைச் செய்து பாருங்கள். இரண்டு மாசம் கழித்து, 'நீங்கள் சொன்னபடி சர்வே கற்றுக்கொண்டேன், இதோ முடிவு' என்று எழுதுங்கள். தன் பேச்சைக் கேட்டு ஒரு பிள்ளை ஒரு காரியம் செய்திருக்கிறது என்று தெரிந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? நாளைக்கு அவர் ஆபீஸில் ஆள் தேவைப்படும்போது, நீங்கள் கேட்காமலே உங்கள் பெயர் ஞாபகத்துக்கு வரும். சிபாரிசுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். சிபாரிசில் மாமாவின் பெயர் பேசுகிறது. இங்கே நீங்கள் செய்த வேலை பேசுகிறது.

ஒரு எச்சரிக்கை. பதில் எழுதுகிறவர் 'ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்', 'டெபாசிட்' என்று காசு பேச்சை எடுத்தால் எஸ்கேப் ஆகிவிடுங்கள். தோழிகளே, வேலை விஷயத்தை விட்டுவிட்டு 'போட்டோ அனுப்பும்மா', 'நைட் ஃப்ரீயா?' என்று ரூட் மாறினால், பதில் எழுத வேண்டிய கடமை உங்களுக்குக் கிடையாது. ப்ளாக் பண்ணிவிட்டு, வீட்டிலோ உங்களுக்கு நம்பிக்கையான டீச்சரிடமோ சொல்லுங்கள்.

சரி, இந்த வார ஹோம்வொர்க். உங்கள் துறையில் நீங்கள் படித்த ஒரு கட்டுரை, கேட்ட ஒரு லெக்சர்... அதன் சொந்தக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் சொன்னதில் ஒரு விஷயத்தை நீங்களே செய்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் ஐந்து பத்தி எழுதி, ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்து, 'சென்ட்' அழுத்துங்கள்.

அடுத்த வாரம்... அந்த மனிதர் 'சரி, போனில் பேசலாமே' என்று சொல்லிவிட்டால், கை நடுங்காமல் பேசுவது எப்படி? பார்த்துவிடலாம். வரட்டுமா!