கோதாவில் கற்ற பிடி: முலாயம் சிங்கின் அரசியல் குஸ்தி

குஸ்திக்காரர்கள் அரசியலுக்கு வருவது வட இந்தியாவில் புதிய செய்தி அல்ல. பாரீஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் எடை கூடுதலாக இருந்ததால் இறுதிப் போட்டியில் இறங்க முடியாமல் திரும்பிய வினேஷ் போகத், இரண்டே மாதத்தில், 2024 அக்டோபரில், அரியானாவின் ஜூலானா தொகுதியில் 6,015 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். அதற்கு முன்பு 2003-ம் ஆண்டில், கிங்காங்குடன் மோதிப் பெயர் பெற்ற தாராசிங் ராஜ்யசபைக்கு நியமிக்கப்பட்டார்.

இவர்கள் எல்லோரும் கோதாவில் சம்பாதித்த புகழை அரசியலுக்குக் கொண்டு வந்தவர்கள். ஆனால் கோதாவில் கற்ற வித்தையையே அரசியலுக்குக் கொண்டு வந்தவர் முலாயம் சிங் யாதவ்.

மூன்று தடவை உத்தரபிரதேச முதல்-மந்திரி. ஒரு தடவை நாட்டின் ராணுவ மந்திரி. பிரதமர் நாற்காலி கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நழுவிப் போனது. 2022-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி, 82-வது வயதில் அவர் காலமானபோது, மும்பையில் தபேலாவில் எருமை வளர்க்கும் உ.பி.காரரும், டாக்சி ஓட்டும் உ.பி.காரரும் தங்கள் வீட்டுப் பெரியவர் போய்விட்டதாக வருந்தினார்கள். அவர்களோடு ஒரே சாலில் குடியிருந்து, ஒரே ரெயிலில் தொங்கிக்கொண்டு போகும் தமிழர்கள், "அப்படி என்ன செய்துவிட்டார் இந்த மனிதர்?" என்று கேட்டிருக்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான்.

மண்ணும் பாலும்

எட்டாவா மாவட்டத்தில் சைபை என்ற கிராமத்தில் 1939-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி முலாயம் பிறந்தார். மாடு வளர்க்கும் யாதவ குலம். மகனைப் பயில்வான் ஆக்க வேண்டும் என்பது தகப்பனார் சுகர் சிங்கின் ஆசை.

அந்தப் பக்கத்தில் 'அகாடா' என்னும் குஸ்திக் கூடம் வெறும் விளையாட்டு மைதானம் அல்ல. மோரும் எண்ணெயும் மஞ்சளும் சேர்த்துப் பதப்படுத்திய மண், ஒரு அனுமார் சிலை, கண்டிப்பான குரு, நாள் தவறாத பால், நெய், பாதாம். சந்தை நாளில் குஸ்தி நடந்தால் சுற்று வட்டாரமே திரண்டு விடும். கோதாவில் இறங்கியவன் யாருடைய மகன் என்பது இரண்டாவது கேள்வி. யாரை மல்லாத்தினான் என்பதே முதல் கேள்வி. தமிழ்நாட்டில் சினிமா கொட்டகை செய்த வேலையை, அதாவது சாதாரண மனிதனைப் பத்து ஊர் அறியச் செய்யும் வேலையை, அங்கே கோதா செய்தது. தாழ்த்தப்பட்டவர்களுக்கும் எல்லா ஊரிலும் அந்தக் கதவு திறந்திருந்தது என்று மட்டும் சொல்ல முடியாது.

முலாயம் குள்ளமானவர். தன்னைவிட ஆகிருதியான ஆளைச் சாய்க்க வேண்டும் என்றால் பலம் போதாது, பிடி வேண்டும். 'சர்க்கா' என்னும் பிடியில் அவர் கெட்டிக்காரர். சர்க்கா என்றால் ராட்டை. எதிராளியின் கனத்தை வைத்தே அவனை ராட்டை மாதிரி சுழற்றிக் கீழே போடுவது.

மெயின்புரியில் நடந்த ஒரு குஸ்தியில் இதைப் பார்த்தவர்களில் ஒருவர், ஜஸ்வந்த்நகர் எம்.எல்.ஏ. நாத்து சிங். சோஷலிஸ்டுக் கட்சிக்காரர். பையனைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். 1967 தேர்தலில் தன் தொகுதியையே அவனுக்கு விட்டுக்கொடுத்தார். இன்று ஒரு வட்டச் செயலாளர் பதவியைக்கூட யாரும் விட்டுக்கொடுப்பதில்லை! கர்ஹாலில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த முலாயம், ராம் மனோகர் லோகியாவின் சம்யுக்த சோஷலிஸ்டுக் கட்சி சார்பில் நின்று 27-வது வயதில் சட்டசபைக்குப் போனார்.

1975-ல் நெருக்கடி நிலையின்போது 19 மாதம் சிறை. 1977-ல் ஜனதா ஆட்சியில் கூட்டுறவுத் துறை மந்திரி. 1980-ல் சொந்தத் தொகுதியிலேயே தோல்வி. சரண்சிங்கின் நிழலில் வளர்ந்து எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 1987-ல் சரண்சிங் மறைந்ததும், அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்த அவருடைய மகன் அஜித்சிங்குக்கும் முலாயமுக்கும் வாரிசுச் சண்டை மூண்டது. லோக்தளம் இரண்டாக உடைந்தது. எதிர்க்கட்சித் தலைவர் பதவி போயிற்று. முலாயம் ஒரு வண்டியை ரதமாக்கிக்கொண்டு மாநிலம் முழுவதும் சுற்றினார்.

முதல் பெரிய பிடி

1989 தேர்தலில் ஜனதா தளத்துக்கு உ.பி.யில் 425 இடங்களில் 208 கிடைத்தன. அஜித்சிங் முதல்-மந்திரி, முலாயம் துணை முதல்-மந்திரி என்று டெல்லியில் பிரதமர் வி.பி.சிங் முடிவு கட்டியிருந்தார். முலாயம் ஒப்பவில்லை. எம்.எல்.ஏ.க்களின் ஓட்டெடுப்பு நடக்கட்டும் என்றார். நடந்தது. சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் அஜித்சிங் மண்ணைக் கவ்வினார். டிசம்பர் 5-ந் தேதி சைபை கிராமத்துப் பயில்வான் முதல்-மந்திரி ஆனார்.

அடுத்த ஆண்டே அயோத்தி. 1990 அக்டோபர் 30-ந் தேதியும் நவம்பர் 2-ந் தேதியும் பாபர் மசூதியை நோக்கிப் போன கரசேவகர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற சர்ச்சை ஓயவே இல்லை. முஸ்லிம்கள் அவரைத் தங்கள் காவலர் என்றார்கள். எதிரிகள் 'மௌலானா முலாயம்' என்று பட்டம் சூட்டினார்கள். மசூதியை அன்று காப்பாற்றினார். ஆட்சியைக் காப்பாற்ற முடியவில்லை. மத்தியில் வி.பி.சிங் விழுந்ததும் சந்திரசேகர் பக்கம் தாவி, காங்கிரசின் தயவில் சில மாதம் ஓட்டினார். 1991 தேர்தலில் பா.ஜனதா 221 இடங்களைப் பிடித்தது.

ஒரு கோதா கலைந்தால் இன்னொன்று. 1992 அக்டோபரில் சமாஜ்வாடி கட்சியைத் தொடங்கினார். இரண்டு மாதத்தில் மசூதி இடிக்கப்பட்டது. மறு ஆண்டு தேர்தலில் கன்ஷிராமின் பகுஜன் சமாஜுடன் கைகோர்த்தார். பிற்பட்டவர்களும் தாழ்த்தப்பட்டவர்களும் ஒன்று சேர்ந்தால் மேல் ஜாதியினரின் ஆதிக்கம் என்ன ஆகும் என்பதை உ.பி. அன்றுதான் பார்த்தது. சமாஜ்வாடிக்கு 109, பகுஜன் சமாஜுக்கு 67. முலாயம் மறுபடி முதல்-மந்திரி.

இந்தக் கூட்டு நிலைத்திருந்தால் வட இந்திய அரசியலே வேறு மாதிரி போயிருக்கும். நிலைக்கவில்லை. கூட்டாளி கட்சியின் எம்.எல்.ஏ.க்களையே முலாயம் இழுக்கப் பார்க்கிறார் என்ற சந்தேகம் ஒரு பக்கம். கிராமத்தில் நிலத்தை வைத்திருக்கும் யாதவருக்கும் அதில் கூலி வேலை செய்யும் தாழ்த்தப்பட்டவருக்கும் இருந்த பழைய பகை இன்னொரு பக்கம். 1995 ஜூன் 2-ந் தேதி லக்னோ அரசு விருந்தினர் மாளிகையில் மாயாவதி தங்கியிருந்த அறையை சமாஜ்வாடி ஆட்கள் முற்றுகையிட்டார்கள். அறைக்குள் ஒரு பெண், வெளியே கூச்சலிடும் கும்பல். மறுநாள் பா.ஜனதா ஆதரவோடு மாயாவதி முதல்-மந்திரி ஆனார்.

முலாயமின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய கறை இல்லை. ஒரு மாலை நேரத்து ரவுடித்தனத்துக்கு, இரண்டு ஏழை வர்க்கங்களின் ஒற்றுமை 24 ஆண்டுகள் விலையாகப் போயிற்று.

டெல்லி கோதா

1996-ல் தேவேகவுடா மந்திரி சபையில் ராணுவ மந்திரி ஆனார். ரஷியாவுடன் சுகோய்-30 விமான ஒப்பந்தம் அப்போதுதான் கையெழுத்தாயிற்று. 1997 ஏப்ரலில் தேவேகவுடா கவிழ்ந்தார். பிரதமர் பதவிக்கு முலாயமின் பெயர் அடிபட்டது. நமது மூப்பனாரின் பெயரும் அதே நாட்களில் அடிபட்டது. இருவருக்கும் கிடைக்கவில்லை. முலாயமை ஒரே இனத்தவரான லாலு பிரசாத்தே எதிர்த்தார். குஜ்ரால் பிரதமரானார். லாலு, சரத் யாதவ், சந்திரபாபு நாயுடு, வி.பி.சிங் ஆகியோர் தடுத்துவிட்டதாகப் பிற்காலத்தில் முலாயமே மனம் விட்டுச் சொன்னார்.

ஏன் தடுத்தார்கள்? இவரை உட்கார வைத்தால் நாளைக்கு யாரை மல்லாத்துவாரோ என்ற பயம் அவர்களுக்கு இல்லாமல் இருந்திருக்காது. அது வீண் பயமும் அல்ல. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. 272 பேர் ஆதரவு உண்டு என்று சோனியா காந்தி ஜனாதிபதியிடம் சொன்னார். முலாயம் கையை விரித்துவிட்டார். நாடு மறுபடி தேர்தலுக்குப் போயிற்று.

தமிழர்களுக்கு நன்கு தெரிந்த ஒருவரின் விஷயத்திலும் இந்த ராட்டைப் பிடி சுழன்றது. முலாயம் ராணுவ மந்திரியாக இருந்தபோது அவருக்கு விஞ்ஞான ஆலோசகராக இருந்தவர் அப்துல் கலாம். 2002-ல் இடதுசாரிகள் சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமியை நிறுத்தியபோது, முலாயம் அவர்களை விட்டு விலகிக் கலாமை ஆதரித்தார். 2008-ல் அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் மன்மோகன்சிங் அரசைக் கைவிட்டார்கள். முலாயம் கலாமைச் சந்தித்து யோசனை கேட்டார். ஒப்பந்தம் நாட்டுக்கு நல்லது என்றார் கலாம். அதையே காரணமாகச் சொல்லி அரசைக் காப்பாற்றினார் முலாயம். ஓட்டுக் கணக்கு 275-256.

2012 ஜூன் 13-ந் தேதி மம்தா பானர்ஜியுடன் உட்கார்ந்து, ஜனாதிபதி பதவிக்கு மூன்று பெயர்களை அறிவித்தார். முதல் பெயர் கலாம். இரண்டே நாளில் மம்தாவை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் பிரணாப் முகர்ஜியை ஆதரித்தார். கலாம் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்து ஒதுங்கிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், ஓட்டுப்போடும் நாளில் முலாயம் தவறுதலாக எதிர் வேட்பாளர் சங்மாவுக்குக் குறியிட்டு, சீட்டைக் கிழித்துப் போட்டு வேறு சீட்டு வாங்கினார். தேர்தல் கமிஷன் அவருடைய ஓட்டைச் செல்லாது என்று சொல்லிவிட்டது.

ஏழைக்கு என்ன கிடைத்தது?

மாட்டுக்காரன் மகனும் லக்னோ கோட்டையில் நாற்காலி போட்டு உட்காரலாம் என்று காட்டியவர்களில் முலாயம் முக்கியமானவர். தாசில்தார் ஆபீசிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் வாசலிலேயே நின்ற ஜாதிகள் உள்ளே போய்ப் பேசின. இது சின்ன விஷயம் அல்ல. அந்த டாக்சிக்காரரின் துக்கம் பொய்யில்லை.

ஆனால் அவர் ஊரில் வேலை கிடைத்திருந்தால் அவர் ஏன் மும்பைக்கு வந்து டாக்சி ஓட்டுகிறார்? இன்று திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் உ.பி. இளைஞர்களைப் பார்க்கலாம். படிப்பு விஷயத்தில் முன்னாள் வாத்தியார் செய்தது மன்னிக்க முடியாதது. 1992-ல் கல்யாண்சிங் அரசு பரீட்சையில் காப்பி அடிப்பதைத் தடுக்கச் சட்டம் போட்டது. அந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு 15 பேர் கூடத் தேறவில்லை. மாணவர்களைக் கைவிலங்கிட்டுக் கொண்டுபோன கொடுமையும் அந்தச் சட்டத்தில் இருந்தது, உண்மைதான். முலாயம் சட்டத்தைத் திருத்தவில்லை; ரத்து செய்தார். ஓட்டு கிடைத்தது. சான்றிதழின் மதிப்பு போயிற்று. 1990-ல் அரசு ஆபீசுகளில் இருந்து ஆங்கிலத்தை விரட்ட இயக்கம் நடத்தியவரும் அவரே. அவர் மகன் அகிலேஷ் என்ஜினீயரிங் படித்தது மைசூரில். மேல்படிப்பு ஆஸ்திரேலியாவில் சிட்னியில்!

சைபை கிராமத்துக்கு விமான ஓடுபாதை வந்தது, ஸ்டேடியம் வந்தது, மருத்துவக் கல்லூரி வந்தது. 2013-ல் முசாபர்நகர் கலவரத்தில் வீடிழந்தவர்கள் குளிரில் முகாமில் கிடந்தபோது, சைபை திருவிழாவில் பம்பாய் நட்சத்திரங்கள் ஆடினார்கள். மசூதியைக் காத்தவர் என்று நம்பியவர்களுக்கு அது உறைத்தது.

மகன் போட்ட பிடி

2012-ல் சமாஜ்வாடிக்கு 403-ல் 224 இடம் கிடைத்தபோது, முலாயம் நாற்காலியை மகனுக்குக் கொடுத்தார். நாலரை ஆண்டு கழித்து வீட்டிலேயே கோதா திறந்தது. தம்பி சிவபால் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். 2016 டிசம்பர் 30-ந் தேதி மகனைக் கட்சியை விட்டு ஆறு ஆண்டுக்கு நீக்கினார். மறுநாளே ரத்து செய்தார். 2017 புத்தாண்டு தினத்தில் அகிலேஷ் கட்சி மாநாட்டைக் கூட்டி, தானே தலைவர் ஆகிவிட்டார். அப்பா வெறும் வழிகாட்டி. ஜனவரி 16-ந் தேதி சைக்கிள் சின்னத்தையும் தேர்தல் கமிஷன் மகனுக்கே கொடுத்தது. 1989-ல் அஜித்சிங்கிடம் முலாயம் காட்டியது இதே வித்தைதான்: மேலிடம் என்ன சொன்னாலும் ஆட்களின் எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொள்வது. எல்லாமே அப்பாவும் மகனும் சேர்ந்து ஆடிய நாடகம் என்று சொன்னவர்களும் உண்டு. முலாயம் அவ்வளவு பேரை ஏமாற்றியிருந்ததால், தோற்றதையும் யாரும் நம்பவில்லை.

2019 ஏப்ரலில் மெயின்புரி மேடையில் முலாயமும் மாயாவதியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவருக்கு ஓட்டுப்போடுங்கள் என்று மாயாவதி கேட்டார். விருந்தினர் மாளிகை சம்பவத்துக்குப் பிறகு முதல் தடவை. முலாயம் சுமார் 94 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். தேர்தல் முடிந்த சில வாரத்தில் கூட்டணி உடைந்தது. இம்முறை உடைத்தவர் மாயாவதி.

முலாயம் மறைந்த பிறகு, 2023-ல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அறிவித்தது பா.ஜனதா அரசு. 2024 பாராளுமன்றத் தேர்தலில் காங்கிரசுடன் சேர்ந்து நின்ற அகிலேஷ், உ.பி.யின் 80 இடங்களில் 37-ஐப் பிடித்தார். முலாயம் தலைமையில் கட்சி எட்டிப்பிடிக்காத எண்ணிக்கை அது. அந்த 37-ல் ஒன்று பைசாபாத். அயோத்தி இருப்பது அந்தத் தொகுதியில். ராமர் கோவில் திறந்து ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே ஜெயித்த அவதேஷ் பிரசாத், முலாயமோடு தொடக்கத்தில் இருந்தே கட்சியில் இருப்பவர். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். தனித் தொகுதி அல்லாத ஒரு தொகுதியில் அவரை நிறுத்தியிருந்தார் அகிலேஷ்.