தட்டியதும் லாச்சிக்குள் வருவது ரூபாவா?

உல்லாசப் பயணிகளை நம்பித் தென்பகுதிக் கரையோரத்தில் கடை நடத்தும் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வியோடு வந்தார். கடனட்டை மெசின் போன்ற சிறு கருவி ஒன்றை அவருக்கு ஒருவர் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். வாடிக்கையாளர் தனது கையடக்கத் தொலைபேசியை அதன் மீது தட்டினால் போதுமாம். டொலருக்கு நிகரான 'ஸ்டேபிள் கொயின்' உடனே கடைக்காரரிடம் வந்துவிடுமாம். கழிவும் மிகக் குறைவாம். "எடுக்கலாமா?" என்று நண்பர் கேட்டார்.

ஸ்டேபிள் கொயின் என்பது பிட்கொயின் போல நாளுக்கு நாள் ஏறி இறங்குவதற்காக உருவாக்கப்பட்டதல்ல. ஒரு நாணயம் ஒரு டொலர் என்ற பெறுமதியில் நிற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2014 இல் வந்த டெதரும், 2018 இல் வந்த யூஎஸ்டிசியும் இவற்றில் பிரபலமானவை. வெளியிடும் கம்பனி அதற்கு ஈடாக டொலரையும் அமெரிக்கத் திறைசேரி முறிகளையும் வைத்திருக்கிறது.

இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்டேபிள் கொயினோடு இணைக்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்ட் அட்டைகள் இப்போது உலகில் பாவனையில் உள்ளன. அத்தகைய அட்டையை ஒரு வெளிநாட்டவர் உங்கள் வங்கி தந்த மெசினில் தட்டினால், நாணயம் அவரது பக்கத்திலேயே மாற்றப்பட்டுவிடும். உங்களுக்கு வருவது ரூபா. இதில் உங்களுக்கு எந்த ஆபத்தும் புதிதாக இல்லை. நண்பருக்குக் காட்டப்பட்ட கருவி வேறு. அதில் நாணயமே கடைக்காரரின் கைக்கு வருகிறது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆசை வருவதில் தவறில்லை. 2022 மார்ச்சில் இருநூறு ரூபாவளவில் இருந்த டொலர் இரண்டே மாதங்களில் முந்நூற்றறுபதைத் தொட்டதை எந்த வியாபாரியும் மறக்கமாட்டார். கையில் டொலர் இருந்தால் நல்லது என்று நினைப்பது இயற்கை. கடனட்டைக்கு வங்கி வெட்டும் கழிவும் சிறு இலாபத்தில் விற்பவரை உறுத்தத்தான் செய்கிறது.

ஆனால் 'டொலருக்கு நிகர்' என்ற வாக்கு எப்போதும் காப்பாற்றப்படவில்லை. 2022 மே மாதத்தில் டெராயூஎஸ்டி என்ற நாணயம் சில நாட்களில் அடியோடு சரிந்தது. 2023 மார்ச்சில் சிலிக்கன் வெலி வங்கி மூடப்பட்டபோது, யூஎஸ்டிசியின் ஈட்டுப் பணத்தில் 3.3 பில்லியன் டொலர் அங்கே சிக்கியது. அந்த வார இறுதியில் அதன் விலை 90 சதத்துக்கும் கீழே இறங்கியது. சில நாட்களில் பழைய நிலைக்கு வந்தது உண்மை. ஆனால் அந்தச் சனிக்கிழமையே சரக்குக்குப் பணம் கட்ட வேண்டியவர் என்ன செய்திருப்பார்?

அதைவிடப் பெரிய கேள்வி, நாணயத்தை ரூபாவாக்குவது எப்படி என்பது. இதற்குப் பலரும் கையாளும் வழி, இணையச் சந்தையில் முகம் தெரியாத ஒருவருக்கு அதை விற்பதுதான். அவர் உங்கள் வங்கிக் கணக்கில் ரூபாவை வைப்பிலிடுவார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. அது யாரோ ஒருவரிடம் மோசடி செய்த பணமாக இருந்தால் விசாரணை உங்கள் கணக்குக்கு வரும். கணக்கு முடக்கப்பட்டால் நீங்கள் எழுதிக் கொடுத்த காசோலைகள் திரும்பும். இருபது வருடம் கட்டிக்காத்த பெயர் ஒரே கிழமையில் போய்விடும். கழிவில் மிச்சம் பிடித்த சில ரூபாய்கள் அதற்கு ஈடாகுமா?

சட்டமும் நம் பக்கம் இல்லை. இலங்கையில் ரூபாவே சட்டமுறை நாணயம். மெய்நிகர் நாணயங்கள் தொடர்பில் மத்திய வங்கி பல தடவைகள் பொதுமக்களை எச்சரித்துள்ளது. அவற்றை வாங்கக் கடனட்டை, பற்று அட்டைகளைப் பாவிப்பதற்கு 2021 ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிப் பணிப்புரை இடமளிக்கவில்லை. "துபாயில் எல்லோரும் எடுக்கிறார்களே" என்று சிலர் கேட்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தின் மத்திய வங்கி 2024 இல் கொண்டுவந்த விதிமுறை, பொருளுக்கும் சேவைக்கும் திர்ஹத்தை ஈடாகக் கொண்ட நாணயங்களையே அனுமதிக்கிறது. டொலர் நாணயத்தைக் கடைக்காரர் நேரடியாக வாங்க அங்கும் இடமில்லை.

கழிவுதான் கவலை என்றால் வேறு வழி இருக்கிறது. லங்கா கியூஆர் ஏற்கனவே உண்டு. 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியப் பயணிகள் தமது யூபிஐ செயலியாலேயே இங்கே பணம் செலுத்தலாம். நம் நாட்டுக்கு ஆகக் கூடுதலான பயணிகள் வருவதும் இந்தியாவிலிருந்துதான். அந்த அட்டையைக் கடை வாசலில் வைக்காத எத்தனை பேர் நம்மிடையே இருக்கிறார்கள்!

புதியதை ஒதுக்கச் சொல்லவில்லை. நாளை சட்டம் வரலாம், வங்கிகளே இந்தச் சேவையைத் தரலாம். அதுவரை கருவியோடு வருபவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த நாளில், எத்தனை ரூபா, எனது வங்கிக் கணக்கில் விழும்? உங்களுக்கு அனுமதி கொடுத்தது யார்? வாடிக்கையாளர் பொருளைத் திருப்பிக் கொண்டுவந்தால் பணத்தை யார், எப்படித் திருப்புவது? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராதவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நண்பரும் அவ்வாறே கேட்டிருக்கிறார். வந்தவர் "அடுத்த கிழமை சொல்கிறேன்" என்று போனவர்தான். இன்னும் வரவில்லை.