மணிகளை எண்ணுகிறோம், மணித்தியாலங்களை?

கையால் பின்னி, ஓரத்தில் மணி பதித்த ஒரு சால்வையைக் காட்டினால், பார்ப்பவர்கள் முதலில் "மாஷா அல்லாஹ், எவ்வளவு வடிவு!" என்பார்கள். அடுத்த கேள்வி, "நூல் என்ன விலை? மணி என்ன விலை?" என்பதாக இருக்கும். இரண்டையும் கூட்டி, அதற்கு மேல் நூறோ இருநூறோ வைத்து, அதுதான் நியாயமான விலை என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்தக் கணக்கு பிழை என்பதே எனது கருத்து.

முதலில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பின்னலில் மணி சேர்க்க இரண்டு வழிகள் அதிகம் கையாளப்படுகின்றன. ஒன்று, பின்னத் தொடங்கும் முன்பே தேவையான மணிகளை எண்ணி நூலில் கோத்துக்கொள்வது. எண்ணிக்கை குறைந்தால் இடையில் நூலை வெட்டி, மணி கோத்து, மீண்டும் இணைக்க வேண்டும். பல நிறங்களில் பூ வைப்பதென்றால் கோக்கும் ஒழுங்கைத் தலைகீழாக வைக்க வேண்டும். ஏனெனில் கடைசியாகக் கோத்த மணிதான் முதலில் பின்னலுக்குள் வரும். மற்றையது, பின்னும்போதே ஒவ்வொரு மணியாகச் சேர்ப்பது. மணியின் துளைக்குள் நுழையக்கூடிய மெல்லிய குரோஷே ஊசியில் மணியை ஏற்றி, பின்னல் ஊசியிலிருந்து ஒரு நூல் வளையத்தைக் கழற்றி, அதை மணிக்குள்ளால் இழுத்து, மீண்டும் ஊசியில் மாட்டிப் பின்ன வேண்டும்.

மணியைத் தெரிவு செய்வதற்கும் அறிவு வேண்டும். இலக்கம் கூடக் கூட மணி சிறுக்கும். 6ஆம் இலக்க மணியை விட 8ஆம் இலக்க மணி சிறியது. நூலின் தடிப்புக்கு ஏற்ற துளை இருக்க வேண்டும். மணிகள் அளவு மீறினால் பாரம் தாங்காமல் மெல்லிய பின்னல் தொய்ந்துவிடும். சாயம் போகும் மணியா என்று முன்கூட்டியே கழுவிப் பார்க்கவும் வேண்டும்.

இப்போது நேரத்துக்கு வருவோம். இரண்டாவது வழியில் ஒரு மணி பதிக்க 15 விநாடிகள் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் மாத்திரம் 1000 மணிகள் என்றால் 15,000 விநாடிகள். அதாவது 4 மணித்தியாலம் 10 நிமிடம். இது மணி பதிக்கும் நேரம் மட்டுமே. சால்வையைப் பின்னிய நாட்கள் இதில் சேரவில்லை.

இது நமது நாட்டுக் கதை மட்டுமல்ல. குளிர் மிகுந்த லித்துவேனியாவில் மணிக்கட்டில் அணியும் கம்பளிப் பட்டிகளைப் பெண்கள் கண்ணாடி மணிகள் கோத்துப் பின்னினார்கள். 19ஆம் நூற்றாண்டில் பின்னப்பட்ட அத்தகைய பட்டி ஒன்றை இன்று கையில் எடுத்தால், அதிலுள்ள மணிகளை நாம் எண்ணிவிடலாம். அதற்காக எத்தனை இரவுகள் சென்றன என்பதை அந்தப் பட்டி சொல்லாது. பின்னியவள்தான் சொல்ல வேண்டும். கேட்பதற்கும் ஒருவர் வேண்டும்.

"வீட்டில் சும்மாதானே இருக்கிறா, பின்னித் தரட்டுமே" என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சமையல் முடித்து, பிள்ளைகளை ஓதப் பள்ளிக்கு அனுப்பி, கிடைத்த இடைவெளியில் ஊசியை எடுப்பவரைத்தான் நாம் சும்மா இருப்பவர் என்கிறோம். உழைத்தவரின் கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்பதற்காக அந்தக் கூலி இல்லாமல் போகுமா?

"இயந்திரத்தில் செய்தது கடையில் மலிவாகக் கிடைக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். மலிவாக வேண்டுமானால் கடையில் வாங்குவதில் தவறில்லை. கைவேலையும் வேண்டும், இயந்திர விலையும் வேண்டும் என்பதுதான் தவறு. பணம் குறைவென்றால் மணிகளைக் குறைத்துக் கேட்கலாம். உழைப்பின் பெறுமதியைக் குறைத்துக் கேட்கலாகாது. "அன்புக்காகச் செய்வதற்கும் விலையா?" என்று வேறு சிலர் கேட்கலாம். அன்பளிப்பு என்பது கொடுப்பவர் எடுக்கும் முடிவு. வாங்குபவர் அதைக் கேட்டுப் பெற்றால் அது அன்பளிப்பாக இராது.

என் தோழியருக்கு ஒரு யோசனை. எதைப் பின்னினாலும் ஒரு கொப்பியில் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் குறித்து வையுங்கள். ஓடர் எடுக்கும்போது மூலப்பொருட் செலவை ஒரு வரியிலும் உழைத்த மணித்தியாலங்களை இன்னொரு வரியிலும் எழுதிக் காட்டுங்கள். நமது கல்லூரிக் கண்காட்சிகளிலும் கைப்பணிப் பொருட்களின் விலையோடு, அதைச் செய்ய எடுத்த நேரத்தையும் ஒரு சிறு அட்டையில் எழுதி வைக்கலாம். விலையைப் பேரம் பேச வருபவர் அந்த இரண்டாவது வரியையும் வாசிப்பார்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் பின்னியதைப் பார்த்து, படிப்புக்கு இடையூறு என்றோ பொழுதுபோக்கு என்றோ உடனே தீர்மானிக்க வேண்டாம். கணக்கும் பொறுமையும் திட்டமிடலும் அதில் இருக்கின்றன. அயல் வீட்டுச் சாச்சியிடம் சால்வை வாங்கும்போது, "நூல் என்ன விலை?" என்பதற்கு முன் "எத்தனை நாள் எடுத்தது?" என்று அவள் முன்னிலையில் கேளுங்கள். தன் கைக்கும் ஒரு பெறுமதி உண்டு என்பதை அந்தக் கேள்வியிலிருந்து உங்கள் மகளும் அறிந்துகொள்வாள்.