சாரஸ் பறக்க வேண்டும்

விமானத்தைப் பற்றி எழுதக் கலைக் கல்லூரி மாணவனுக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் நிறைந்த கோவையில் பிறந்தவன் என்ற தகுதியே போதும் என்பேன்.

பெங்களூரிலுள்ள தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் உருவாக்கிய 'சாரஸ்', இரட்டை எஞ்சின் கொண்ட 14 இருக்கைச் சிறு விமானம். 2004 மே 29 அன்று முதன்முதலாக வானேறியது. கான்பூரில் தயாராகும் டோர்னியர் 228-இல் பயணிகள் அறைக்குக் காற்றழுத்தம் தரும் ஏற்பாடு இல்லை. தாழப் பறந்து மேகத்தின் குலுக்கலை அனுபவிக்க வேண்டியதுதான். சாரஸில் அந்த ஏற்பாடு உண்டு. 25,000 அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தரையிலுள்ளதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். எஞ்சின் அமுக்கிய காற்றில் ஒரு பகுதியை உள்ளே செலுத்தினால்தான் பயணி இயல்பாக மூச்சு விட முடியும். அப்போது விமானத்தின் உடல் காற்றடித்த சைக்கிள் டியூபைப் போலப் புடைக்கிறது, இறங்கியதும் சுருங்குகிறது. பயணந்தோறும் இதே கதை. நாளடைவில் உலோகம் களைத்துவிடும். பிரிட்டனின் காமெட் விமானங்கள் இரண்டு 1954-இல் நடுவானில் சிதறியது இதனால்தான்.

களைப்பைத் தாங்க உடலை வலுவாக்கினால் எடை ஏறும். சாரஸை வாட்டியதும் எடைதான். வெற்று எடை 4,125 கிலோ என்று திட்டமிட்டார்கள். முதல் மாதிரி ஏறத்தாழ 900 கிலோ கூடுதலாக வந்து நின்றது. 14 பேர் ஏறும் விமானத்தில் பன்னிரண்டு ஆட்களின் எடை! இதைக் கேட்டுச் சிரிப்போர் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் வார்ப்பிலேயே ஒழுகாத பம்பை நம் பீளமேட்டில் யார் செய்தார்கள்? அச்சைத் திருத்தி மறுபடி ஊற்றுவார்கள். அதுவும் பழுதானால் இன்னொன்று. பட்டறையை மட்டும் மூடமாட்டார்கள்.

2009 மார்ச் 6 அன்று பிடதிக்கு அருகே இரண்டாவது மாதிரி விழுந்து, சோதனைக் குழுவினர் மூவர் உயிரிழந்தனர். பறக்கையில் ஓர் எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கிப் பார்க்கும் சோதனை அது. அதற்கு வகுத்த செயல்முறையே பிழை என்று விசாரணை கூறிற்று. பிழையைத் திருத்த எத்தனை காலம் வேண்டும்? சாரஸ் மறுபடி வானேறியது 2018 ஜனவரி 24-இல்! அந்த ஒன்பது ஆண்டில் எத்தனை தேர்ந்த கைகள் ஓய்வு பெற்றிருக்கும்!

2001-இல் முதலில் பறந்த தேஜஸையும் கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் அந்த வேலை நிற்கவில்லை. 2018-இல் தேஜஸ் அணி நம் சூலூருக்கே வந்து சேர்ந்தது. போர் விமானத்துக்குக் காட்டிய பொறுமையைப் பயணிகள் விமானத்துக்குக் காட்டினால் என்ன? சேலம் விமானத் தளம் பல ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்ததை நாம் அறிவோம். பெரிய விமானம் நிரம்பாத அத்தகைய ஊர்களுக்கல்லவா இது வேண்டும்?

19 இருக்கைகளோடு புதிய சாரஸ் திட்டமிடப்பட்டிருக்கிறது. அதன் உறுப்புகள் சிலவற்றைக் கணபதி, பீளமேடு பட்டறைகளுக்கு இப்போதே கொடுத்து, எடையைக் குறைத்துத் தரச் சொல்லலாம். உலோகத்தை வீணாக்கினால் யார் கைக்காசு போகும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.