பழைய எஞ்சினும் உரிய விலையும்

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களில் நிலமும் தோப்பும் சொத்தாக அமைவது அரிது. தந்தை கைத்தொழிலால் பிழைத்தவராயின், அவர் விட்டுச் செல்வது பெரும்பாலும் கருவியும் இயந்திரமுமே. நிலத்தின் விலையை நாலு பேரைக் கேட்டு அறியலாம். பழைய இயந்திரத்தின் விலையை யாரிடம் கேட்பது? சென்ற ஆண்டு நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றிற்கு நேர்ந்ததை இத்திங்கள் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையிலேயே மும்பைக்கு வந்து, லாஞ்சு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் தொழிலில் நாற்பது ஆண்டு உழைத்த அன்பர் ஒருவர் காலமானார். மஜ்காவ் பக்கத்தில் அவர் வாடகைக்கு வைத்திருந்த கொட்டகையில், உடைக்கப்பட்ட படகொன்றிலிருந்து அவர் வாங்கிய டீசல் எஞ்சின் ஒன்று கிடந்தது. ஜூன் மாதத்திற்குள் கொட்டகையைக் காலி செய்யவேண்டும். மகளுக்குக் கல்லூரிக் கட்டணமும் கட்டவேண்டும். இந்நிலையில் அவர் மனைவியார் நம்மை அழைத்து, “ஐயா, பங்கார்க்காரர் இருபத்தோராயிரத்துச் சொச்சம் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?” என்று கேட்டார்.

கொடுக்கவேண்டாம் என்று நாம் உடனே கூறவில்லை. ஒரு வாரம் பொறுக்குமாறு மட்டும் வேண்டினோம். அந்த ஒரு வாரத்தில் கற்றவை பல.

முதலில் எஞ்சினின் உடம்பில் பதித்திருந்த தகட்டைத் துடைத்துப் படித்தோம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரின் கார்ட்னர் கம்பெனி செய்த 4 எல்.டபிள்யூ. என்னும் நான்கு சிலிண்டர் எஞ்சின் அது. இவ்வகை 1931இல் வெளிவந்தது. ஒவ்வொரு சிலிண்டரும் நாலேகால் அங்குல விட்டமும், பிஸ்டன் ஓட்டம் ஆறு அங்குலமும் உடையது. மெதுவாகச் சுழன்று நெடுங்காலம் உழைப்பதில் பெயர் பெற்றது. கம்பெனியோ 1990களில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. தகட்டில் உள்ள வகையும் எண்ணும் இல்லையேல் எந்த எஞ்சினும் வெறும் இரும்பே. ஆதலின் பழைய எஞ்சினுக்குப் புதுச் சாயம் பூசுவோர், தகட்டின்மேலும் பூசி அதன் சாதகத்தை அழித்துவிடலாகாது.

அடுத்து, கணவரோடு பணி செய்த மராத்திய மிஸ்திரி ஒருவரை அம்மையார் அழைத்துவந்தார். எஞ்சின் அசையவில்லை. அவர் வலிந்து திருப்ப முனையவில்லை. ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது டீசலும் எண்ணெயும் ஊற்றி விட்டுவிட்டார். நான்காம் நாள் அமுக்கத்தைத் தளர்த்தும் நெம்புகோல்களைத் தூக்கிவிட்டுக் கைப்பிடியால் சுற்றியபோது எஞ்சின் மெல்லச் சுழன்றது. அடித்தொட்டி எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தார். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது என்று பொருளாம். நல்லவேளை, அது கறுத்தே இருந்தது. மூன்று சிலிண்டர்களில் அமுக்கம் நன்று, ஒன்றில் குறைவு. கடல்நீரால் குளிர்வித்த எஞ்சின் ஆதலால் நீரோடும் பகுதிகளை உற்று நோக்கினார். புகைபோகும் மேனிபோல்டின் நீருறையில் மயிரிழைபோல் ஒரு விரிசல் இருந்தது.

இனி விலைக்கு வருவோம். இத்தகைய பொருளுக்கு ஒரு விலையன்று, பல விலைகள் உண்டு.

முதலாவது, எடை விலை. காயலான் கடை விலை என்று நம் ஊரில் சொல்வது இதுவே. கியர் பெட்டியும் புரொப்பெல்லரும் குழாய்களும் சேர்த்து மொத்தம் 730 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று கணக்கிட்டே பங்கார்க்காரர் 21,900 ரூபாய் கேட்டிருந்தார். ஆனால் அதில் புரொப்பெல்லர் வெண்கலம், குழாய்கள் செம்பு, வால்வுகள் பித்தளை. இவை மட்டும் 30 கிலோ. இவற்றைத் தனியே வேறு கடைகளில் கேட்டபோது சராசரி கிலோ 450 ரூபாய் கிடைத்தது. அப்படியானால் இரும்புக்கு 21,000, மற்றவற்றிற்கு 13,500, ஆக 34,500 ரூபாய். வெண்கலத்தை இரும்போடு நிறுத்ததில் மறைந்தது 12,600 ரூபாய்! இதுவே இறங்கக்கூடாத கீழ்வரம்பு என்று குறித்துக்கொண்டோம்.

இரண்டாவது, கனவு விலை. அம்மையாரின் தமையன் மகன், இங்கிலாந்தில் கால்வாய்ப் படகு வைத்திருப்போர் இவ்வகை எஞ்சினை விரும்பி வாங்குவதாகக் கண்டறிந்து, “அத்தை, நாலு லட்சத்துக்கு ஒரு காசு குறைக்காதீர்கள்” என்றான். அவன் சொன்னதில் உண்மை உண்டு. ஆயினும் அவன் கண்டது முற்றும் செப்பனிட்டு ஓடும் எஞ்சினுக்கு விற்பவர் கேட்ட விலை. கேட்ட விலை வேறு, கைக்கு வந்த விலை வேறு. கப்பற்கூலி, சுங்கம், செப்பனிடும் செலவு ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது சொற்பம். இதனைத் தாளில் எழுதிக் காட்டியபின் அவனும் ஒப்புக்கொண்டான்.

மூன்றாவது, தேவை விலை. இதே வகை எஞ்சினை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவருக்குக் கிராங்குத் தண்டும் சிலிண்டர் தலைகளும் டீசல் பம்பும் கிடைத்தற்கரியவை. மிஸ்திரி ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே மதித்து 90,000 ரூபாய் கேட்கலாம் என்றார். காலமும் துணை செய்தது. மழைக்காலத்தில் மும்பைத் துறைமுகத்தில் லாஞ்சுகள் ஓடுவதை நிறுத்திக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். ஆதலின் உறுப்புகளைத் தேடி உரிமையாளர்கள் அலைவது மே மாதத்தில்தான். எதை விற்பது என்பதைப்போலவே எப்போது விற்பது என்பதும் விலையைத் தீர்மானிக்கிறது.

கொங்கணக் கரையிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அன்று காலை தமையன் மகன் ஒரு டப்பா பட்டியும் சிறிது சாயமும் கொணர்ந்து, “இந்த விரிசலை அடைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?” என்றான். குறையை வேண்டுமென்றே மறைத்து ஏமாற்றுவதை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் மோசடி என்றே கொள்கிறது என்று நாம் எடுத்துச் சொன்னோம். அம்மையார் சட்டம் பேசவில்லை. “அவர் கைபட்ட எஞ்சினில் பொய் பூச வேண்டாம், தம்பி. நடுக்கடலில் அது நின்றால் படகில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?” என்றார். அவன் டப்பாவை மூடிவிட்டான்.

வந்தவரிடம் விரிசலையும் அமுக்கம் குறைந்த சிலிண்டரையும் அம்மையாரே சுட்டிக்காட்டினார். அவர் 75,000 ரூபாய்க்கு இறங்கினார். ஆனால் கிரேன், லாரிச் செலவு தம்முடையதே என்றார். போகும்போது, “குறையை முதலில் சொன்னதனால்தான் மற்றவற்றைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குகிறேன்” என்றார். அவ்வாறே பணம் முழுவதும் வங்கிக் கணக்கில் சேர்ந்தபின்னரே எஞ்சின் கொட்டகையை விட்டு வெளியேறியது.

இத்தகைய விற்பனையில் இறங்குவோர் மறவாதிருக்க வேண்டியவை சில. இறந்தவர் பொருளாயின் வாரிசுகள் அனைவரும் இசைந்து கையொப்பமிடுதல் வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மக்களோடு தாயும் முதல் வகுப்பு வாரிசே. கடனிலோ மானியத்திலோ வாங்கியதாயின் முதலில் கொடுத்த இடத்தில் கேட்டறிதல் வேண்டும். ரசீதில் எஞ்சின் எண், தொகை, கண்ட குறைகள், “உள்ளது உள்ளபடி” என்ற சொல் ஆகியவை இடம்பெறவேண்டும். ஏற்றுக்கூலி யாருடையது என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்ளுதல் நன்று.

மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். தந்தையின் ஸ்பானர் பெட்டியை மட்டும் விற்கவேண்டாமென்று அவள் கேட்டுக்கொண்டாளாம். அது இப்போது தாராவி வீட்டின் பரண்மேல் இருக்கிறது. அதற்கு விலை மதிக்க நம்மை யாரும் அழைக்கவில்லை. அழைத்தாலும் நாம் செல்வதற்கில்லை.